வகுப்புக் குழுவில் பாடம் இருக்கட்டும், மாணவிகளின் போன் நம்பர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிக்குள் கைப்பேசியே கூடாது என்று ஒரு வாசகரும், இனி படிப்பு முழுக்க கைப்பேசியில்தான் என்று இன்னொரு வாசகரும் உங்கள் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார்கள். இரண்டு கடிதத்தையும் எங்கள் துறை அறையில் எல்லோரும் படித்தோம், பேசினோம். வகுப்பறையில் இப்போது என்ன நடக்கிறது என்பது இரண்டிலுமே இல்லை. அதனால் நானும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் வெட்டாமல் போடுங்கள்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். எங்களிடம் படிப்பவர்களில் பாதிக்கு மேல் அவரவர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். இந்தப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப், யூடியூப், டெலிகிராம் எல்லாம் பாடத்தில் உதவுகிறதா என்று கேட்டால், உதவுகிறது, நிறையவே உதவுகிறது என்றுதான் சொல்வேன். ஆனால் பாடத்துக்கு என்று வாட்ஸ்அப்பில் ஆரம்பித்த வகுப்புக் குழுவைக் கல்லூரிகள் மெல்ல மெல்ல அலுவலகமாகவும் அறிவிப்புப் பலகையாகவும் வருகைப் பதிவேடாகவும் ஆக்கிவிட்டன. அதற்கான விலையை சொந்தமாக போன் இல்லாதவர்களும் பெண்பிள்ளைகளும்தான் கொடுக்கிறார்கள். என் புகார் இதுதான்.

முதலில் உதவுகிற இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் தடை கேட்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

முதலாண்டு ஆய்வகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வைத்து ஆக்சாலிக் அமிலத்தைத் தரம்பார்க்கும், அதாவது கரைசலில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும், சோதனை உண்டு. குடுவையில் ஆக்சாலிக் அமிலம், அதோடு நீர்த்த கந்தக அமிலம், அறுபது எழுபது டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக பெர்மாங்கனேட்டின் ஊதா நிறக் கரைசலை விட வேண்டும். முதல் சொட்டு விழுந்ததும் நிறம் உடனே போகாது, கொஞ்சம் தயங்கும். புதுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு "முடிவுநிலை வந்துருச்சு மேடம்" என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள். உண்மையில் வினை நடக்க நடக்க உருவாகிற மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்தும், அப்புறம் விழுகிற சொட்டெல்லாம் சட்டென்று நிறமிழக்கும், கடைசியில் ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும், அதுதான் முடிவுநிலை. இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப் போட்டாலும் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது. ஆய்வகத்தில் ஒரு பேட்ச் முழுக்க என் மேசையைச் சுற்றி நின்றால் முன்வரிசைக்காரர்களுக்குத்தான் குடுவை தெரியும்.

இப்போது இந்தச் சோதனைக்கு முந்தின நாள் போனில் சின்ன வீடியோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுகிறேன். அதைவிட முக்கியம் அதற்குப் பிறகு நடப்பது. முதல் பேட்ச் பையன் ஒருவன் தன் குடுவையில் கலங்கலாகப் பழுப்பு நிறம் வந்ததைப் படம் எடுத்துப் போட்டான். நான் பதில் எழுதும் முன்பே இன்னொரு பெண், "அமிலம் கம்மியா ஊத்திருப்ப, அதான் மாங்கனீசு டையாக்சைடு வந்துருக்கு" என்று எழுதிவிட்டாள். இன்னொருவன், "ஆறிப்போச்சான்னு தொட்டுப் பாத்தியாடா" என்று கேட்டான். அடுத்த பேட்ச் வரும்போது பழுப்புக் குடுவை ஒன்றுகூட இல்லை. ஒரு பேட்சின் தவறு இன்னொரு பேட்சுக்குப் பாடமாகப் போய்ச் சேர்வது முன்பெல்லாம் விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு மட்டும் கிடைத்த வசதி. பஸ் பிடித்து மன்னார்குடிப் பக்கம், முத்துப்பேட்டைப் பக்கம் வீடு திரும்புகிறவர்களுக்கு அது கிடையாது, இப்போது கிடைக்கிறது. வகுப்பில் ஆண்டு முழுக்க வாயே திறக்காத பிள்ளை, ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பி, "மேடம், மோலாரிட்டிக்கும் நார்மாலிட்டிக்கும் எனக்கு இன்னும் குழப்பமா இருக்கு" என்று கேட்கும். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே ஆங்கில வழியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அது. எழுந்து நின்று கேட்கக் கூச்சம், எழுதிக் கேட்கவும் கூச்சம். பேசிக் கேட்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. இதைத் தடை செய்யச் சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

யூடியூப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் என்ற திட்டத்தின் வீடியோப் பாடங்கள் எவ்வளவோ காலமாக இலவசமாகக் கிடைக்கின்றன. 2017இல் மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளம் வந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்துக் கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் எங்கள் மாணவர்களில் பலர் அந்த ஆங்கில விரிவுரையில் பத்து நிமிடம்கூடத் தாண்டுவதில்லை. அவர்கள் பார்ப்பது, ஏதோ ஊரில் ஒரு ஆசிரியர் தன் வீட்டுச் சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி, போனை ஸ்டாண்டில் வைத்து, தமிழில் சொல்லித் தரும் வீடியோவை. அவற்றில் தரமானவையும் இருக்கின்றன, தப்பும் தவறுமாக இருப்பவையும் இருக்கின்றன. பெர்மாங்கனேட் தரம்பார்த்தலுக்கே முடிவுநிலையை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டியைத் தனியாகச் சேர்க்கச் சொல்லும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன், பெர்மாங்கனேட்டின் நிறமே அங்கே நிறங்காட்டி என்பது அடிப்படை. அதை வகுப்பில் போட்டு எங்கே தவறு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். பாடப்புத்தகத்தை அவ்வளவு கவனமாக அவர்கள் புரட்டி நான் பார்த்ததில்லை. இணையத்தில் இருப்பதையெல்லாம் நம்பாதே என்று நாள் முழுக்க அறிவுரை சொல்வதைவிட, ஒரு தவறைத் தானே பிடிக்க வைப்பது நன்றாக வேலை செய்கிறது.

சரி, இனி கசப்பான பகுதி.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது ஒரே வாரத்தில் எல்லா வகுப்புக்கும் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். அப்போது வேறு வழி இல்லை. போன் இருந்தாலும் டேட்டா இல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர். அதனால்தான் தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு இலவசமாகக் கொடுத்தது. அரசுக்கே அன்று புரிந்திருந்தது, போனும் டேட்டாவும் எல்லோரிடமும் இல்லை என்று. பிறகு கல்லூரிகள் திறந்தன, டேட்டா கார்டு நின்றது, ஆனால் குழுக்கள் மட்டும் நிற்கவில்லை. பேரிடர்க் கால ஏற்பாடு அப்படியே நிரந்தர ஏற்பாடாகிவிட்டது, யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ததாகத் தெரியவில்லை.

இன்று உள்மதிப்பீட்டுத் தேர்வு எப்போது, அசைன்மெண்ட் எப்போது கொடுக்க வேண்டும், தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, உதவித்தொகைப் படிவத்துக்கு என்னென்ன சான்றிதழ் இணைக்க வேண்டும், எல்லாமே குழுவில்தான். அறிவிப்புப் பலகையில் போன வருடத்துத் தாள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு "நாளை மாலைக்குள் கட்டவும்" என்று ஒரு செய்தி வரும். வீட்டில் இருக்கிற ஒரே போனை அப்பா திருப்பூர் வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு உதவித்தொகை இப்படித்தான் தவறிப்போனது. அண்ணன் போனில் வந்த செய்தி, அண்ணன் பார்த்துவிட்டான், நீல டிக் விழுந்துவிட்டது, அவளிடம் சொல்ல மறந்துவிட்டான். கேட்கப் போனால், "குழுவில் போட்டோமே, நீ பார்த்ததாகக் காட்டுகிறதே" என்பது பதில். நீல டிக்கை வைத்து ஒரு பிள்ளையின் பணத்தை முடிவு செய்வது என்ன முறை?

தமிழ்நாட்டில் உயர்கல்விக்குப் போகிறவர்கள் விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 என்று 2021-22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு சொன்னது. நமக்கெல்லாம் பெருமை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022இல் புதுமைப்பெண் திட்டம், ஆண்களுக்கு 2024இல் தமிழ்ப்புதல்வன் திட்டம், மாதம் ஆயிரம் ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு. இவ்வளவு செய்து உள்ளே கொண்டுவந்த பிள்ளைகளை ஒரு போன் இல்லை என்பதற்காக வகுப்பின் விளிம்பில் நிறுத்துகிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஆயிரத்தில் மாதா மாதம் எவ்வளவு ரீசார்ஜுக்கே போகிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் பெண்பிள்ளைகளின் போன் நம்பர்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் உங்கள் நம்பர் தெரியும். வகுப்புக் குழு, துறைக் குழு, என்எஸ்எஸ் குழு, கலைவிழாக் குழு, பஸ் குழு என்று ஒரு மாணவி ஐந்தாறு குழுவில் இருப்பாள். மூன்று ஆண்டு மாணவர்களும் சேர்ந்த குழு என்றால் முகமே தெரியாத நூற்றுக்கணக்கானவர்களிடம் அவள் நம்பர் இருக்கிறது, சில சமயம் படித்து முடித்துப் போனவர்கள்கூடக் குழுவை விட்டு வெளியேறாமல் இருக்கிறார்கள். அப்புறம் தெரியாத நம்பரிலிருந்து "குட் மார்னிங்", "சாப்பிட்டாச்சா", "ஏன் ரிப்ளை பண்ண மாட்டேங்குற" என்று வர ஆரம்பிக்கும். அந்த நம்பரைத் தடுத்தால் இன்னொரு நம்பரிலிருந்து வரும். முகப்புப் படத்தை எடுத்து வேறு எங்கோ போட்ட கதையும் நடந்திருக்கிறது. அந்தப் பெண் வீட்டில் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? போனைப் பிடுங்கி வைப்பார்கள். அதோடு நின்றால் அதிர்ஷ்டம். "இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்பினோமா" என்று படிப்பையே நிறுத்திவிடுகிற வீடும் உண்டு. அதனால் பெரும்பாலான பெண்கள் வீட்டிலும் சொல்வதில்லை, எங்களிடமும் சொல்வதில்லை, சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறிவிடுகிறார்கள். வெளியேறினால் பாடமும் போச்சு, அறிவிப்பும் போச்சு. தவறு செய்தவன் குழுவிலேயே இருக்கிறான்.

இந்தத் தொல்லையோடு இப்போது மோசடிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். உதவித்தொகை தருகிறோம் என்று பெற்றோருக்கு போன் போட்டு, பிள்ளையின் பெயர், வகுப்பு எல்லாம் சரியாகச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். சைபர் கிரைம் போலீசார் இது குறித்து எச்சரித்திருக்கிறார்கள், புகாருக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பெயர்ப்பட்டியல், பதிவெண், பெற்றோர் போன் நம்பர் எல்லாம் சேர்ந்த எக்செல் தாளை "எல்லோரும் சரிபார்க்கவும்" என்று குழுவிலேயே போடுகிற வழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. இதை உடனே நிறுத்த வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பெயரோடு குழுவில் போடுவதும் அப்படித்தான், மூன்று மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்று போடுகிறவர்கள் நினைப்பதில்லை. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருகிற எங்கள் முதலாண்டுப் பிள்ளைகளில் பலருக்கு 17தான், அவர்கள் தகவலை இப்படிப் பரப்பலாமா?

இதற்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை, செலவும் இல்லை. வாட்ஸ்அப்பிலேயே கம்யூனிட்டி என்ற வசதி இருக்கிறது, அதில் உள்ள அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. 2023இல் வந்த சேனல் வசதியிலும் அப்படித்தான். டெலிகிராமில் நம்பரை மறைத்துவிட்டுப் பயனர் பெயரோடு மட்டும் இருக்கலாம், அதனால் கேள்வி பதில் உரையாடலுக்கு அது வசதி, பெரிய கோப்புகளும் அனுப்பலாம். டெலிகிராமில் "கசிந்த வினாத்தாள்" என்று ஏமாற்றுகிற கூட்டமும் இருக்கிறது, அதை முதல் நாளே மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். யார் என்னைக் குழுவில் சேர்க்கலாம் என்பதை அவரவரே முடிவு செய்யும் அமைப்பு வாட்ஸ்அப்பில் 2019 முதல் இருக்கிறது, எங்கள் மாணவிகளில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. முதலாண்டு வரவேற்பு நிகழ்ச்சியில் விருந்தினர் உரைகளில் ஒன்றைக் குறைத்து இதைச் செய்து காட்டினால் போதும்.

பாடக் குறிப்புகளை வைக்கிற இடமும் வாட்ஸ்அப் அல்ல. 32 ஜிபி போன் நிரம்பியதும் பிள்ளைகள் முதலில் அழிப்பது அந்தக் கோப்புகளைத்தான், தேர்வுக்கு முந்தின வாரம் "மேடம், யூனிட் டூ மறுபடி அனுப்புங்க" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம்போல உலகம் முழுக்க நின்றது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் செயலியில் நம் கல்லூரியின் மொத்தக் கற்பித்தலையும் வைப்பது சரியில்லை. பாடக் குறிப்புகளையும் பயிற்சிகளையும் ஒரே இடத்தில் வைத்து நடத்த உதவும் மூடுல் என்ற மென்பொருள் 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. அரசு ஒரு சர்வரில் நிறுவி எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் தரலாம். அதுவரை, எல்லாக் குறிப்புகளையும் வீடியோக்களையும் நூலகக் கணினியில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தால் போன் இல்லாத பிள்ளை பென்டிரைவில் எடுத்துக்கொள்ளும், அல்லது அங்கேயே உட்கார்ந்து பார்க்கும்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு "உடனே பட்டியல் அனுப்பவும்" என்று செய்தி வருகிறது. வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலகச் செய்திகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டமாக இருக்கிறது. இங்கே சட்டம்கூட வேண்டாம், எட்டு மணிக்கு மேல் நிர்வாகச் செய்தி அனுப்புவதில்லை என்று முதல்வர்கள் ஒரு முடிவெடுத்தால் போதும். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரும்போது தொழில்நுட்பம் பயன்படுத்துகிறோம் என்று காட்ட ஸ்கிரீன்ஷாட் சேகரிக்கிற வேலையும் இதோடு குறையட்டும். குழுவில் எத்தனை செய்தி போட்டோம் என்பது பாடம் நடத்தியதற்கு ஆதாரம் ஆகாது.

இன்னொன்றையும் யோசிக்கலாம். அசைன்மெண்ட் என்ற பெயரில் பிள்ளைகள் ஏ4 தாளில் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதுகிறார்கள், நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கட்டி வைக்கிறோம், சில ஆண்டு கழித்து அது எடைக்குப் போகிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையை எழுதவோ திருத்தவோ சொன்னால் அது நாலு பேருக்குப் பயன்படும், சான்று காட்டாமல் எழுதினால் முகம் தெரியாத யாரோ வந்து கேள்வி கேட்பார், அந்தப் பதற்றத்திலேயே பிள்ளை நூலகத்துக்குப் போவாள். இது புதிய யோசனை இல்லை. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசே கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடத்தியது. அது ஒரு முறையோடு ஏன் நின்றது? வேதியியல் பெயர்களைத் தமிழில் தேடுகிற மாணவருக்கு இன்றும் பாதி இடத்தில் வெற்றுப் பக்கம்தான் கிடைக்கிறது. அதை நிரப்ப எங்கள் இரண்டாமாண்டு மாணவர்களால் நிச்சயம் முடியும், மதிப்பெண் தர எங்களுக்கு அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.

உயர்கல்வித் துறையிடமும் கல்லூரிக் கல்வி இயக்ககத்திடமும் நான் கேட்பது ஒரு பக்கச் சுற்றறிக்கை. கட்டணம், தேர்வு, உதவித்தொகை பற்றிய எந்த அறிவிப்பும் பலகையில் ஒட்டிய பிறகே குழுவுக்குப் போக வேண்டும், பலகையில் ஒட்டிய தேதிதான் கணக்கு. மாணவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரிகிற குழுவைக் கல்லூரி நடத்தக்கூடாது, சேர விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது. மதிப்பெண்ணும் முகவரியும் குழுவில் போடக்கூடாது. தொல்லை கொடுத்தவன் மீது புகார் வந்தால் யாரிடம் போவது என்று ஒரு பேராசிரியையின் பெயர் பலகையில் இருக்க வேண்டும், புகார் கொடுத்தவளின் பெயர் வெளியே வரக்கூடாது. பாடத்துக்கு எந்தச் செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்பதை மட்டும் ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள், அதில் விதி போட வேண்டாம், இயற்பியலுக்கு ஒத்துவருவது வரலாற்றுக்கு ஒத்துவராது.

இந்தச் சுற்றறிக்கை மாணவர் சேர்க்கை முடிவதற்குள் வர வேண்டும். முதலாண்டு வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே குழுக்கள் எல்லாம் உருவாகிவிடும், வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறும் முன்பே நம்பர் ஏறிவிடும். வெளியே போன நம்பரைத் திரும்ப வாங்க முடியாது. உங்கள் நாளிதழ் இந்தக் கடிதத்தோடு நிறுத்தாமல் மாணவிகளையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள், பெயர் போடமாட்டோம் என்று உறுதி கொடுத்துக் கேளுங்கள். நான் சொன்னதைவிட அவர்களிடம் சொல்ல அதிகம் இருக்கிறது.

இப்படிக்கு,
வேதியியல் உதவிப் பேராசிரியை ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்